மச்சாளுக்கு இங்கிலீசில் என்ன?

லவால்
28 செப்டெம்பர் 2025

பிரியந்தி அவர்களுக்கு,

மச்சாள் என்பதற்கு இங்கிலீசில் என்ன சொல்வது? நேற்றுக் காலை சூம் கூட்டத்தில் உங்கள் அமைப்பின் ஜஸ்லீன் என்ற அந்தப் பெண் என்னிடம் கேட்டாள். தெரியாது என்றேன். கேள்வியிலிருந்து நழுவுகிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். இல்லை. பின்னேரம் முழுக்க யோசித்தேன். இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியும். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நடந்ததை நான் கண்டபடி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் வேறு விதமாகக் கண்டதாகச் சொல்லக்கூடும். பல்கலைக்கழகத்தில் படிக்கிற காலத்தில் நீங்களும் நானும் தொடங்கிய ‘மச்சாள்மார்’ சங்கத்தை, ரொறன்ரோவில் தலைமையகம் வைத்திருக்கும் தென்னாசியப் பெண்களின் தேசிய அமைப்பு ஒன்று தன் மொன்றியல் கிளையாக்கப் போகிறது. அதன் நிர்வாகக் குழுவில் நீங்கள் இருக்கிறீர்கள். கிளையாகிவிட்டால் எங்கள் பெயர் போய், இங்குள்ள கல்லூரிப் பெண்கள் சங்கங்களுக்கு வைப்பதுபோல் மூன்று கிரேக்க எழுத்து வரும். பிள்ளைகள் ஒருவரையொருவர் மச்சாள் என்று அழைப்பதை விட்டுவிட்டு ‘சிஸ்ரர்’ என்று அழைக்க வேண்டும். இதெல்லாம் இப்போதைய தலைவி றொஷினி எனக்கு அனுப்பிய தாள்களில் இருக்கிறது.

அந்தப் பிள்ளை எங்கள் பழைய விதிகளை இங்கிலீசாக்கி உங்கள் ஆட்களுக்குக் கொடுத்திருக்கிறாள். மச்சாள் வருகிற இடத்தில் எல்லாம் ‘கணவனின் சகோதரி’ என்று போட்டிருக்கிறாள். “அப்படியென்றால் கலியாணம் முடித்தவர்கள்தான் சேரலாமா?” என்று ஜஸ்லீன் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு பகிடி, எங்கள் விளையாட்டுக் கேலி. ‘புதிதாக வருகிறவளைப் பழையவள் ஒருத்தி பகிடி பண்ண வேண்டும். அவள் திருப்பிப் பகிடி பண்ணினால் சேர்ந்தாள்.’ நீங்களும் நானும் எழுதிய விதி. றொஷினிக்கு அந்தச் சொல் தெரியாமல் இணையத்தில் தேடியிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்தது பகிடிவதை. ஊர்ப் பல்கலைக்கழகங்களில் புதுப் பிள்ளைகளை முழங்காலில் நிற்க வைத்து அழ வைக்கிறார்களே, அது. அதையே எடுத்துப் போட்டு, எங்கள் சங்கம் வருடா வருடம் புதியவர்களை வதைக்கிறது என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஜஸ்லீனின் முகம் மாறியதை நீங்கள் கண்டீர்கள். “பகிடி வேறு, பகிடிவதை வேறு” என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நீங்கள் மைக்கை அணைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தீர்கள்.

பெயரையும் வழக்கத்தையும் மாற்றுவதென்றால் தொடங்கிய இருவரும் சம்மதிக்க வேண்டும் என்பதும் நாங்கள் எழுதிய விதிதான். நவம்பர் நடுவில் பிள்ளைகள் வாக்களிக்கிறார்கள். என் சம்மதம் கிடைக்காது.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். ரெலிபோன் எடுக்க வேண்டாம். ரெலிபோனில் நீங்கள் என்னைச் சிரிக்கப் பண்ணிவிடுவீர்கள். எனக்கு இந்தக் கோபம் வேண்டும்.

சிவாஜினி


ஸ்காபரோ
30 செப்டெம்பர் 2025

அன்பான ஜினி,

‘அவர்களுக்கு’. ‘நீங்கள்’. வாசிக்கத் தொடங்க, பல்லு டொக்டரின்ர கந்தோரில இருந்து வந்த கடிதமாக்கும் எண்டு நினைச்சன். என்னை நீங்கள் எண்டு சொல்லுற ஆக்கள் எனக்கு ஏதோ விக்க வாற ஆக்கள். நீ என்ன விக்க வந்தனி? கோவமோ? என்னட்ட அது நிறையக் கிடக்கு, வேண்டாம்.

சரி, விசயத்துக்கு வாறன். நான் போய் ஒருத்தரையும் பிடிக்கேல்லை. றொஷினிதான் எங்களைத் தேடி வந்தவள். போன வருஷம் அவைக்குப் புதிசாச் சேந்தது ஒரேயொரு பெட்டை. மிச்சப் பேருக்கு ஒரு மேசையே போதும். காப்புறுதி இல்லாத சங்கத்துக்குப் பல்கலைக்கழகம் இப்ப அறை குடுக்கிறேல்லை. அவை போன வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக் கடையிலதான் கூட்டம் வைச்சவை, கடைக்காரன் கதிரையைத் தூக்கி மேசையில கவிழ்க்கிற வரைக்கும். எங்களோட சேந்தால் அறை வரும், வழக்கறிஞர் வரும், வன்கூவரில வேலைக்குப் போற பெட்டைக்கு அங்க நாலு பேர் இருப்பினம். உனக்கும் எனக்கும் அப்ப அப்படி ஆர் இருந்தவை?

நீ விஞ்ஞானம் படிச்சனி. மருந்து சரியோ பிழையோ எண்டு சோதிச்சுச் சம்பளம் வாங்கிறனி. ஒரு சொல்லுக்காக ஒரு சங்கத்தைச் சாக விடுவியோ?

சூம் கதையும் கேள். நான் நிர்வாகக் குழுவில இருக்கிற ஆள். நான் தொடங்கின சங்கத்துக்கு நானே வக்காலத்து வாங்கினால் பக்கச்சார்பு எண்டு சொல்லுவினம். உனக்கு அந்தத் தடை ஒண்டும் இல்லை. உன்ர மைக் திறந்துதான் கிடந்தது, பின்னால உன்ர குக்கர் விசில் அடிச்சது ஊருக்கே கேட்டது. பகிடி வேற, பகிடிவதை வேற எண்டு நீயே சொல்லியிருக்கலாம். குக்கர் மூண்டு தரம் வாய் திறந்தது. நீ அதுக்கு ஒருக்காலும் திறக்கேல்லை.

பிள்ளையளை ஒருக்காப் போய்ப் பார். பாத்துப்போட்டுப் பேந்து எனக்குப் பேசு.

பிரியந்தி


லவால்
5 ஒக்டோபர் 2025

பிரியந்தி,

சரி, ‘நீ’ என்றே எழுதுகிறேன். உன்னை ஏசுவதற்கு அது வசதியாகத்தான் இருக்கிறது.

நேற்றுப் பிள்ளைகளைப் பார்த்தேன். கோட்-டெ-நெய்ஜில் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. றொஷினியும், நீ சொன்ன அந்த ஒரேயொரு புதுப் பிள்ளையும் வந்தார்கள். புதுப் பிள்ளையின் பெயர் சஜிதா. மன்னாரிலிருந்து வந்து கொஞ்சக் காலம்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற வேலை, மற்ற நேரம் படிப்பு.

றொஷினி நல்ல பிள்ளை, அதனால்தான் அவளோடு சண்டை பிடிக்கக் கஷ்டமாக இருந்தது. “அன்ரி, நாங்கள் ஒருத்தரையொருத்தர் மச்சாள் எண்டு கூப்பிடுறேல்லை. ‘மச்சி’ எண்டுவம்” என்றாள்.

“அது ஆம்பிளையள் தங்களுக்குள்ள சொல்லுறதெல்லோ?”

“இப்ப படத்தில எல்லாரும் சொல்லீனம், அன்ரி.”

“பகிடி?”

“விட்டுட்டம். ஆரும் அழுதால் முறைப்பாடு வரும். இப்ப புதுசா வாற ஆளுக்கு ஒரு கார்ட் குடுப்பம். எல்லாரும் சைன் பண்ணி.”

அப்போது சஜிதா சீனியைக் கலக்கிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: “ஓம். எனக்கும் தந்தவை. வடிவான கார்ட். அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை.”

றொஷினி சிவந்துபோனாள். “நாங்கள் உனக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு...”

“குடுத்திருக்கலாம்,” என்றாள் சஜிதா. “என்ர தமிழைக் கேட்டு நீங்கள் உங்களுக்குள்ள சிரிக்கிறது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேர சிரிச்சிருந்தால், உங்கட தமிழுக்கு நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு கேட்டிருப்பியள்.”

அங்கேயே எழுந்து அந்தப் பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டும் போல் இருந்தது. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கோப்பியைக் குடித்து முடித்தேன்.

நீ எனக்குக் காப்புறுதியைப் பற்றி எழுதுகிறாய். அறை கொடுங்கள், வழக்கறிஞர் கொடுங்கள், வன்கூவரில் நாலு பேரைக் கொடுங்கள். அதற்கு விலையாக ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சிரிக்கிற உரிமையை ஏன் கேட்கிறீர்கள்? முதுகுக்குப் பின்னால் சிரிப்பதற்கு உங்கள் அமைப்பில் எந்தத் தடையும் இல்லை, தாள்களை முழுக்க வாசித்துவிட்டேன். என் ஆய்வுகூடத்தில் தெரியாத பொருள் ஒன்று வந்தால் அதற்குப் பெயர் தேடிக்கொண்டிருக்க மாட்டோம். அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். பகிடி என்ன செய்தது என்று உனக்குத் தெரியும். ஒரு பின்னேரத்துக்குள் எங்களைச் சிநேகிதமாக்கியது. கார்ட் என்ன செய்தது என்று நேற்று நான் பார்த்தேன்.

இன்னொன்று. உன் கடிதத்தின் கீழே வெறுமனே ‘பிரியந்தி’ என்று போட்டிருக்கிறாய். படிக்கிற காலத்திலிருந்து எனக்கு எழுதிய எல்லாவற்றையும் ‘உன்ர மச்சாள்’ என்றுதான் முடித்தாய். உன் அண்ணனை நான் கலியாணம் செய்ய முந்தியும் அப்படித்தான். அவரை விட்டுப் பிரிந்த பிறகும் அப்படித்தான். இந்த வருடம் ஏன் இல்லை?

சிவாஜினி


ஸ்காபரோ
8 ஒக்டோபர் 2025

ஜினி,

கேட்டுப்போட்டாய். சொல்லுறன்.

பெப்ரவரி, என்ர அம்மான்ர செத்தவீடு. சேர்ச் வாசலில சனம் பனியைத் தட்டித் தட்டி உள்ள போகுது. லண்டன் மாமி உன்னைப் பாத்து, “நீர் ஆர் பிள்ளை?” எண்டு கேட்டவ. நான் உனக்குப் பக்கத்தில நிண்டனான், என்ர தோள் உன்ர தோளில முட்டிக்கொண்டு. நீ சொன்னனி, “பிரியந்தியின்ர சிநேகிதி.”

சிநேகிதி! என்ர கந்தோரில ஃபோட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில நிண்டு கதைக்கிறவளும் எனக்குச் சிநேகிதிதான்.

டனிஸ்ரன் அண்ணையும் நீயும் பிரிஞ்சது உங்கட ரெண்டு பேற்ற விசயம். நான் ஒரு சொல்லுக் கேக்கேல்லை. அவர் என்ர கூடப்பிறந்தவர், நீ என்ர மச்சாள், ரெண்டு பேரையும் நான் விடேல்லை. அம்மா என்னட்ட எத்தினை தரம் கேட்டவ, “அவன் விட்டவளோட உனக்கென்ன தொடுசல்?” எண்டு. “அவன் அவளுக்கு மனிசன் ஆக முந்தியே நான் அவளுக்கு மச்சாள்” எண்டு சொல்லி அம்மான்ர வாயை மூடினனான். பேந்து அந்த அம்மான்ர பெட்டி உள்ள கிடக்க, வாசலில நிண்டு நீ அந்தச் சொல்லைக் கழட்டிக் கோட்டோட கொழுவிப்போட்டாய்.

நீ விட்ட சொல்லை நான் ஏன் தூக்கிக்கொண்டு திரிய வேணும்?

சூமில நான் ஏன் பேசாமல் இருந்தனான் எண்டு உனக்கு இன்னும் விளங்கேல்லை. பக்கச்சார்பு எண்டது சாட்டு. மச்சாள் எண்டால் என்ன எண்டு ஜஸ்லீன் கேட்டது உன்னட்ட. நீ என்ன சொல்லப்போறாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். தேத்தண்ணி குடிக்கேல்லை, கோப்பை வெறுமையாய்த்தான் இருந்தது. நீ ‘தெரியாது’ எண்டனி. ரெண்டாந்தரம்.

இப்ப அந்தப் பெட்டையளுக்காகக் கோவிக்கிறன் எண்டு எழுதாதை. நீ அவைக்காகக் கோவிக்கேல்லை.

பிரியந்தி. வெறும் பிரியந்தி.


லவால்
12 ஒக்டோபர் 2025

பிரியந்தி,

நாலு நாள் உன் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் இதைவிட மோசமாக எழுதியிருப்பேன்.

லண்டன் மாமி என்னிடம் மட்டும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். நீ சொல்வாய் என்று நான் காத்திருந்தேன். மாமி கையுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைக்கும்வரை காத்திருந்தேன். நீ சொல்லவில்லை. முன்வரிசையில் குடும்பம் இருந்தது, அதில் உன் அண்ணனும் இருந்தார். ‘வா’ என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. புருஷனை விட்டவள் அவனுடைய தாயின் செத்தவீட்டுக்கு வந்து நின்று, நான் இந்த வீட்டு மச்சாள் என்று தானே சொல்லிக்கொள்ள முடியுமா? என்னைப் போன்ற ஒருத்தியால் முடியுமா? அந்தச் சொல்லை மற்றவர்தான் தர வேண்டும். எனக்கு அதைத் தந்தவள் நீ. அன்றைக்கு உன் தோள் மட்டும்தான் முட்டிக்கொண்டிருந்தது.

‘என்னைப் போன்ற’ என்று எழுதிவிட்டேன். இருவரும் இத்தனை வருடம் எழுதாததை இனி எழுதத்தான் வேண்டும்.

முதல் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். எங்களோடு படித்த கௌரியின் அறை, கட்டிலில் ஐந்து பேர், நிலத்தில் மிச்சப் பேர். கௌரி சொன்னாள், “நாங்கள் எல்லாரும் சகோதரியள். மூத்தவை அக்கா, இளையவை தங்கச்சி.” சொன்ன கையோடு, தன்னைவிட மூன்று மாதம் இளையவளைத் தேத்தண்ணி போட அனுப்பினாள். நீ கட்டிலில் ஏறி நின்றாய். “அக்கா தங்கச்சி வேண்டாம்” என்றாய். “தங்கச்சி எண்டு ஆரையும் சொல்லலாம். செலவில்லாத சொல். மச்சாள் எண்டு சொல்லிப் பாருங்கோ பாப்பம், வீட்டில கொம்மாமார் விடுவினமோ எண்டு.”

அறை அமைதியாகிவிட்டது. சாதி என்ற சொல்லை ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் யாருடைய வீட்டில் யார் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில்தான். ஒரு பிள்ளையைத் தங்கச்சி என்று சொன்னால் இரக்கம் என்று விட்டுவிடுவார்கள். மச்சாள் என்று சொன்னால், உன் வீட்டில் எங்களுக்குப் பெண் எடுக்கலாம், எங்கள் வீட்டிலிருந்து உனக்குக் கொடுக்கலாம் என்று அர்த்தம். அதற்குத்தான் அந்த அறை அமைதியானது. நீ என்னைப் பார்க்காமல் எல்லாரையும் பார்த்துச் சொன்னாய். பிறகு என்னிடம் திரும்பி, “என்ன மச்சாள், வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?” என்றாய். “உனக்குக் குடுத்தது போக மிச்சம்” என்றேன் நான். அதுதான் முதல் பகிடி. அதைத்தான் பிறகு விதியாக எழுதினோம்.

உன் அம்மா எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தார். உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அப்பா டவுன்டவுனில் உணவகச் சமையலறை வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார். உன் அம்மாவின் குரல் ரெலிபோனுக்கு வெளியேயும் கேட்டது. “பிள்ளையள் பழகட்டும். என்ர மகளை மச்சாள் எண்டு கூப்பிட வேண்டாமெண்டு மட்டும் உங்கட மகளுக்குச் சொல்லிவையுங்கோ.” அப்பா “ஓம் அம்மா” என்றார். அந்த ‘ஓம் அம்மா’வைக் கேட்டுக்கொண்டு நான் சப்பாத்து அடுக்குக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் எனக்கு ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நான் அந்த வீட்டுக்கே மருமகளாக வந்தேன், விட்டும் போனேன். அது என்னுடைய கணக்கு. ஆனால் அந்தச் சொல் கலியாணத்தில் வந்ததில்லை, கட்டிலில் ஏறி நின்று நீ தந்தது. இப்போது அதை எடுத்து, செலவில்லாத அந்தப் பழைய சொல்லை இங்கிலீசில் மாற்றி வைக்கப் பார்க்கிறாய். சிஸ்ரர்! யாரை யாருக்குச் சிஸ்ரர் என்று சொன்னால் எந்த அம்மா ரெலிபோன் எடுக்கப் போகிறாள்? சஜிதாவின் தமிழுக்குச் சிரிக்கிறவர்கள் அவளை நாளைக்கே சிஸ்ரர் என்பார்கள். ஒன்றும் மாறாது. அதனால்தான் உங்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு வசதி.

நான் யாருக்காகக் கோபப்படுகிறேன் என்று கேட்டாய். எனக்காக. இப்போது சந்தோஷமா?

சிவாஜினி


ஸ்காபரோ
9 நவம்பர் 2025

ஜினி,

அம்மா ரெலிபோன் எடுத்தது எனக்குத் தெரியாது.

இந்த வசனத்தை எழுதத்தான் இவ்வளவு நாளும் எடுத்தது. உன்ர கடிதத்தைத் திறந்து திறந்து மூடினன். அம்மா இருந்திருந்தால் நேர போய்க் கேட்டிருப்பன். இப்ப சண்டை பிடிக்கவும் ஆள் இல்லை. படத்துக்கு முன்னால விளக்குக் கொளுத்தேக்க வாய் வரைக்கும் வருது, கொளுத்திப்போட்டு வாறன்.

உன்னோடயும் கோவம். இத்தினை வருஷம் அதை வைச்சுக்கொண்டு எங்கட வீட்டில வந்து சாப்பிட்டனி. அம்மான்ர கையால வாங்கிச் சாப்பிட்டனி. எனக்குச் சொல்லேல்லை. உன்ர அப்பா உனக்குச் சொல்லாமல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனமாதிரி நீ என்னை விட்டுப்போட்டு நடந்திருக்கிறாய். நான் பாரம் தாங்கமாட்டன் எண்டு நினைச்சனியோ?

சனிக்கிழமை வாறன். ரெயினில. நிர்வாகக் குழுவுக்குச் சொல்லிப்போட்டன், அண்டைக்கு நான் அவையின்ர ஆளாய் வரேல்லை, தொடங்கின ஆளாய் வாறன் எண்டு. ஆனால் ஒண்டு, பிள்ளையள் சேர வேணும் எண்டுதான் இப்பவும் சொல்லுவன். அவைக்கு அறை வேணும். உன்ர கோவத்துக்குள்ள அவை கூட்டம் வைக்கேலாது.

ஜஸ்லீனும் வாறா. விதி மீறல் எதையும் கண்டால் எழுதுறது அவவின்ர வேலை. ஆயத்தமாய் வா. குக்கரை நிப்பாட்டிப்போட்டு வா.

பிரியந்தி


லவால்
16 நவம்பர் 2025

பிரியந்தி,

நீ இப்போது ரெயினில் கிங்ஸ்ரன் தாண்டியிருப்பாய். நேற்று நடந்ததை எழுதித் தரும்படி ஜஸ்லீன் கேட்டிருக்கிறாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவளுக்கு எழுத முன், உனக்கு எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

டவுன்டவுனில், பல்கலைக்கழகக் கட்டடத்தில், தேசிய அமைப்பின் பெயரில் எடுத்த அறை. பெரிய அறைதான், வெளிச்சமும் நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன். றொஷினி எங்களைச் ‘சிவாஜினி அன்ரி, பிரியந்தி அன்ரி, எங்கட மூத்த சிஸ்ரர்ஸ்’ என்று அறிமுகப்படுத்தினாள். அன்ரியும் சிஸ்ரரும் ஒரே வசனத்தில். பிறகு என்னைப் பேசச் சொன்னாள்.

எழுந்து நின்றேன். சம்மதிக்க மாட்டேன் என்றேன். ஜஸ்லீன் மரியாதையாகத்தான் கேட்டாள், “ஏன் என்று விளங்கப்படுத்த முடியுமா?” அந்தப் பிள்ளைகளின் முகங்களைப் பார்த்தேன். உனக்குக் கடிதத்தில் எழுதியதை அங்கே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவின் ‘ஓம் அம்மா’வை அந்த அறையில் வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அப்படியே நின்றேன். யாரோ கதிரையை நகர்த்தினார்கள்.

அப்போது நீ பின்னாலிருந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், சத்தமாகச் சொன்னாய்:

“பிள்ளையள், பயப்பிடாதைங்கோ. இவ இப்பிடித்தான். பேசாமல் இருந்தே என்ர அண்ணையைத் துரத்தினவ. பாவம் அவர், கடைசியில சுவரோட கதைக்கத் தொடங்கினவர். சுவர் எண்டாலும் இடைக்கிடை ‘ம்’ எண்டு சொல்லிச்சுதாம்!”

றொஷினி கையால் வாயைப் பொத்தினாள். ஜஸ்லீனுக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளை அதை அவளுக்கு இங்கிலீசில் சொன்னாள். ஜஸ்லீன் பேனாவைத் திறந்தாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அண்ணனை இழுக்கிறாய், எல்லாருக்கும் முன்னால், இந்தப் பத்து வருடத்தில் ஒருவரும் தொடத் துணியாத இடத்தை. பிறகுதான் நீ அன்றைக்குப் போலவே கட்டிலில் ஏறி நிற்கிறாய் என்று விளங்கியது. என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை:

“உங்கட வீட்டில ஆர் என்னைக் கதைக்க விட்டது? எல்லாரும் ஒரே நேரத்தில கதைக்கிற குடும்பம். எனக்கு வாய் திறக்க ஒரேயொரு சந்தர்ப்பம் வந்தது, சேர்ச்சில நாக்கில நன்மை அப்பம் வைக்கேக்க. சைவசமயக்காரி எண்டு அதையும் தரேல்லை!”

முதலில் சிரித்தது சஜிதா. மூக்கால் ஒரு சத்தம், பிறகு அடக்க முடியாமல் மேசையில் தலையை வைத்துவிட்டாள். பிறகு நீ. பிறகு எல்லாரும். றொஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதுதான் பகிடியோ, அன்ரி?” என்று கேட்டாள். “இதுதான்” என்றாய். சஜிதா அவளைப் பார்த்து, “உன்ர தமிழில இதைச் சொல்ல ஒரு கிழமை எடுக்கும்” என்றாள். றொஷினி, “உன்ர தமிழில சொன்னால் விளங்க ஒரு மாசம் எடுக்கும்” என்றாள். ஒரு வருடம் பிந்திவிட்டது, ஆனாலும் நடந்தது.

ஜஸ்லீன் எழுதிக்கொண்டிருந்தாள்.

வாக்கெடுப்பில் சேருவதென்று முடிவானது. சஜிதாவின் கை மட்டும் எழவில்லை. பெயரை என்ன செய்வது என்று றொஷினி எங்களைக் கேட்டாள். “நீங்கள் சேருங்கோ. பெயரை நாங்கள் தரேல்லை, வீட்டை கொண்டுபோறம்” என்று நீ சொன்னாய். நான் தலையாட்டினேன். நாங்கள் இருவரும் அன்று ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

எனக்குக் கோபம் தீரவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன். பிள்ளைகளைச் சேரச் சொல்லி நீ கை உயர்த்திக் காட்டியதை மறக்க மாட்டேன். அந்தப் பெரிய அறையில் அவர்கள் இனிக் கார்ட் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். உன் அம்மாவையும் நான் மன்னிக்கவில்லை. அவருடைய கையால் சாப்பிட்டது பசிக்கு இல்லை, அவர் எனக்குப் பரிமாறுவதைப் பார்க்க. அதை உன்னிடம் சொல்லாமல் விட்டதற்கு நீ கோபப்படலாம். படு.

இனி இன்று நடந்தது.

காலையில் உன்னை ரெயினில் ஏற்றிவிட்டு, மெற்றோவில் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்ற முன் ஜஸ்லீனின் அழைப்பு வந்தது. நேற்றைய கூட்டத்தில் அங்கத்தவர் ஒருவர் என்னைப் பலர் முன்னிலையில் அவமானப்படுத்தியதாகத் தான் பதிவு செய்திருப்பதாகச் சொன்னாள். பகிடிவதை என்ற தலைப்பின் கீழே. ஆறுதலுக்கு யாருடனாவது பேச வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படியென்றாலும் விசாரிக்காமல் விட முடியாது, நடந்ததை எழுதித் தாருங்கள் என்றாள். பிறகு கேட்டாள்:

“அவருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

“மச்சாள்,” என்றேன்.

“அன்றைக்கும் கேட்டேன், மன்னிக்க வேண்டும். அப்படியென்றால் என்ன?”

“நேற்று உங்களுக்கு முன்னால் நடந்ததே, அதுதான்.”

அவள் அந்தச் சொல்லை எழுத்துக்கூட்டச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

சிவாஜினி